நீட்சியை அளந்தவர் – இராபர்ட் ஹூக்

நுழையும்முன்

கயிற்றை இழுத்தால் அது சிறிது நீள்கிறது. பச்சைக் கிளையைப் பற்றி வளைத்தால் அது வளைந்து கொடுக்கிறது. கையை எடுத்தவுடன் இரண்டும் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. அளவு மீறி இழுத்தால் கயிறு அறுகிறது, கிளை முறிகிறது. மனிதர் தொன்றுதொட்டுக் கண்டுவந்த இந்நிகழ்ச்சிக்கு ஓர் ஒழுங்கு உண்டு என்பதையும் அதனை எண்ணால் குறிக்க இயலும் என்பதையும் காட்டியவர் பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலேய அறிவியலாளர் ஒருவர். இயற்பியல் பாடத்தில் ஒரு விதியின் பெயராக மட்டும் அறிமுகமாகும் அவருடைய வாழ்வு உழைப்பாலும் நோயாலும் பூசலாலும் நிறைந்தது. அவ்வாழ்வை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

தீவில் ஓர் இளமை

இங்கிலாந்தின் தென்கரையை ஒட்டி வைட் என்னும் தீவு உள்ளது. அத்தீவின் மேற்குப் பகுதியிலுள்ள ஃபிரெஷ்வாட்டர் என்னும் சிற்றூரில் 1635ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 18ஆம் நாள் இராபர்ட் ஹூக் பிறந்தார். தந்தை ஜான் ஹூக் அவ்வூர்த் தேவாலயத்தில் பணியாற்றிய சமயகுரு. மகனையும் இறைப்பணிக்கே ஆளாக்க வேண்டும் என்பது அவரது விருப்பம். ஆனால் பிள்ளை பிறப்பிலேயே மெலிந்தவன்; பிழைப்பானோ என்று வீட்டார் அஞ்சும் அளவுக்கு நோயாளி. புத்தகத்தை எடுத்தாலே தலைவலி வந்துவிடும். ஆகவே தந்தை பாடம் சொல்வதைக் குறைத்துக்கொண்டு மகனை அவன் போக்கில் விட்டுவிட்டார்.

அந்த விடுதலையே அவருக்குக் கல்வியாயிற்று. பித்தளைக் கடிகாரம் ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்ததை ஒருமுறை கண்ட சிறுவன், அதன் உறுப்புகளை மனத்தில் இருத்திக்கொண்டு மரத்தாலேயே ஒரு கடிகாரம் செய்தான், அதுவும் ஓடியது. ஏறத்தாழ ஒரு கெச நீளமுள்ள பொம்மைக் கப்பலைச் செய்து, அது நீரில் மிதந்தபடியே சிறு பீரங்கிகளை வெடிக்குமாறு அமைத்தான். பொருள்களைக் கையால் தொட்டு, பிரித்து, பூட்டி அறிவதே அவருக்கு இயல்பான வழி என்பது அப்போதே புலப்பட்டது.

1648ஆம் ஆண்டு தந்தை இறந்தார். பதின்மூன்று வயது ஹூக் தமக்குக் கிடைத்த சிறு தொகையுடன் இலண்டன் சென்றார். ஓவியத்தில் கை தேர்ந்திருந்ததால் பீட்டர் லீலி என்னும் புகழ்பெற்ற ஓவியரிடம் சில காலம் இருந்தார். வண்ணங்களின் நெடி தலைவலியை மிகுவிக்கவே, அதை விட்டு வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளியில் சேர்ந்தார். தலைமையாசிரியர் ரிச்சர்ட் பஸ்பி மாணவர்களைக் கடுமையாக நடத்துபவர் எனப் பெயர் பெற்றவர். எனினும் இம்மாணவனின் திறத்தை அவர் கண்டுகொண்டார். தம் இல்லத்திலேயே தங்கவைத்துப் படிக்கச் செய்தார். இலத்தீனும் கிரேக்கமும் யூக்ளிடின் வடிவியலும் அங்கேதான் ஹூக்குக்கு வாய்த்தன. அப்பள்ளிப் பருவத்திலேயே அவருடைய முதுகு வளையத் தொடங்கியது. பிற்காலத்தில் அவரைக் கண்டவர் அனைவரும் அந்தக் கூனலையே முதலில் குறிப்பிட்டனர்.

காற்றுக்கும் மீள்திறம் உண்டு

1653ஆம் ஆண்டில் ஹூக் ஆக்ஸ்ஃபோர்டு சென்று கிறிஸ்து தேவாலயக் கல்லூரியில் சேர்ந்தார். பாடகர் குழுவில் ஓரிடம் பெற்றும் பிறருக்குப் பணிசெய்தும் கல்விச் செலவை ஈடுகட்டினார். முதலில் மருத்துவ அறிஞர் தாமஸ் வில்லிசுக்கும் பின்னர் செல்வக் குடியில் பிறந்த வேதியியலறிஞர் இராபர்ட் பாயிலுக்கும் அவர் உதவியாளரானார்.

பாயிலுக்கு ஒரு கலனிலிருந்து காற்றை வெளியேற்றும் எக்கி தேவைப்பட்டது. அக்கருவியைத் திறம்பட அமைத்துத் தந்தவர் ஹூக். அதைத் தொடர்ந்து செய்த ஆய்வுகளே காற்றின் அழுத்தத்துக்கும் பருமனுக்கும் உள்ள தொடர்பை, இன்று பாயில் விதி எனப்படும் உண்மையை, 1662ஆம் ஆண்டில் உலகுக்குத் தந்தன. அமுக்கினால் சுருங்குவதும் விட்டால் விரிவதுமாகிய காற்றின் பண்பை அக்காலத்தார் காற்றின் வில்தன்மை என்றே அழைத்தனர். காற்றுக்கு இத்தகைய பண்பு இருக்குமானால் கம்பிக்கும் மரத்துக்கும் கண்ணாடிக்கும் அது எவ்வாறு இருக்கும் என்னும் வினா ஹூக்கின் உள்ளத்தில் இந்நாள்களிலேயே வேரூன்றியது. விசைக்கும் நீட்சிக்கும் உள்ள தொடர்பைத் தாம் 1660ஆம் ஆண்டளவிலேயே கண்டுவிட்டதாக அவர் பின்னாளில் உரிமை கொண்டாடினார்.

வாரந்தோறும் புதிய ஆய்வு

1660ஆம் ஆண்டு நவம்பரில் இலண்டனில் அறிஞர் சிலர் கூடி இராயல் சொசைட்டி என்னும் அறிவியல் கழகத்தைத் தொடங்கினர். முன்னோர் எழுதிவைத்தார் என்பதற்காக எதையும் ஏற்காமல், கண்முன் செய்து பார்த்தே ஏற்பது என்பது அவர்கள் கொள்கை. அவ்வாறு செய்து காட்ட ஒருவர் வேண்டுமே! 1662ஆம் ஆண்டில் ஹூக் அக்கழகத்தின் ஆய்வுப் பொறுப்பாளராக அமர்த்தப்பட்டார். வாரந்தோறும் கூடும் அவையில் மூன்று நான்கு புதிய ஆய்வுகளைச் செய்துகாட்டுவது அவர் கடமை. தொடக்கத்தில் ஊதியம் இல்லை. பின்னர் உறுதியளித்த ஊதியமும் பலமுறை உரிய காலத்தில் வந்து சேரவில்லை. செல்வர்களின் அவையில் உழைத்துண்ணும் ஒருவராக அவர் நின்றார். தம் உழைப்புக்குரிய பெயரைப் பிறர் எடுத்துக்கொள்வரோ என்னும் அச்சம் வாழ்நாள் முழுதும் அவரை விடாமல் தொடர்ந்ததற்கு இந்நிலையும் ஒரு காரணமாகலாம்.

1665ஆம் ஆண்டில் கிரெஷாம் கல்லூரியின் வடிவியல் பேராசிரியரானார். இறக்கும்வரை அக்கல்லூரி அறைகளே அவருக்கு வீடும் ஆய்வகமும் ஆயின. அதே ஆண்டில் அவருடைய மைக்ரோகிராஃபியா என்னும் நூல் வெளிவந்தது. நுண்ணோக்கி வழியே கண்ட ஈயின் கண்ணையும் தெள்ளுப்பூச்சியின் உடலையும் அவர் தம் கையாலேயே வரைந்திருந்தார். ஓவியரிடம் கழித்த காலம் வீண்போகவில்லை. சாமுவேல் பீப்ஸ் என்னும் அரசு அலுவலர் இரவு இரண்டு மணிவரை விழித்திருந்து அந்நூலைப் படித்ததாகத் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார்.

தெரிந்து தெளிவோம்

தக்கையின் மெல்லிய சீவலை நுண்ணோக்கியில் கண்ட ஹூக், அதிலிருந்த சிறுசிறு அறைகளுக்குச் 'செல்' என்று பெயரிட்டார். துறவியர் மடத்துச் சிற்றறையைக் குறிக்கும் அச்சொல்லே இன்று உயிரியலின் அடிப்படைச் சொல்லாக நிலைத்துள்ளது.

உடையும் கண்ணாடித் துளி

அந்நூலில் திண்மப் பொருள் உடைவதைப் பற்றிய ஓர் ஆய்வும் இடம்பெற்றுள்ளது. உருகிய கண்ணாடியைச் சொட்டாக நீரில் விழவிட்டால் அது நீண்ட வாலுடைய துளியாக உறைந்துவிடும். அதன் தலைப்பகுதி சுத்தியல் அடியையும் தாங்கும். ஆனால் நூல்போன்ற வாலைச் சற்றே முறித்தால் போதும். துளி முழுவதும் ஒரே நொடியில் பொடியாய்ச் சிதறும். இளவரசர் ரூபர்ட் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தமையால் அவர் பெயராலேயே வழங்கிய இத்துளிகள் அரசவையில் வேடிக்கைப் பொருளாக இருந்தன. மன்னர் இரண்டாம் சார்லஸ் அவற்றைக் கழகத்தின் ஆய்வுக்கு அனுப்பினார்.

ஹூக் அத்துளியின் மீது பசையைப் பூசி, பின்பு வாலை முறித்தார். துளி உடைந்தது, ஆனால் துண்டுகள் பறந்துபோகாமல் பசையில் ஒட்டி நின்றன. விரிசல்கள் எத்திசையில் ஓடின என்பதை அவரால் நிதானமாகப் பார்க்க முடிந்தது. நீரில் விழுந்ததும் மேற்பரப்பு முதலில் குளிர்ந்து இறுகிவிடுகிறது. உட்பகுதி பின்னர்க் குளிர்ந்து சுருங்க முயலும்போது இறுகிய மேற்பரப்பு அதற்கு இடங்கொடுப்பதில்லை. ஆகவே துளிக்குள் இழுவிசை சிறைப்பட்டுக் கிடக்கிறது என்று அவர் விளக்கினார். ஒரு கல்லை எடுத்தால் சரிந்துவிடும் வளைவுக் கட்டடத்தோடு அதை ஒப்பிட்டார். இக்காலத்தில் ஊர்திகளின் பக்கச் சன்னல்களில் பொருத்தப்படும் வலுவூட்டிய கண்ணாடி, மேற்பரப்பில் அமுக்கமும் உள்ளே இழுவிசையும் அமைந்த இதே முறையில் செய்யப்படுவதாகும்.

எரிந்த நகரும் எழுந்த கட்டடங்களும்

1666ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் இலண்டன் நகரில் ஒரு ரொட்டிக் கடையில் பற்றிய தீ நான்கு நாள்கள் எரிந்தது. பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளும் 87 தேவாலயங்களும் அழிந்தன. நகரை மீண்டும் எழுப்ப நகராட்சி நியமித்த நில அளவையாளர்களில் ஹூக்கும் ஒருவர். அவருடைய நண்பர் கிறிஸ்டோபர் ரென் மன்னரின் சார்பில் பொறுப்பேற்றார்.

சாம்பல் மேடுகளுக்கு நடுவே ஒவ்வொருவருடைய மனை எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்பதை அளந்து முளையடித்துத் தரவேண்டும். அண்டை வீட்டார் சுவருக்காகச் சண்டையிட்டால் நேரில் சென்று தீர்க்க வேண்டும். சாலை அகலப்படுத்த நிலம் இழந்தவர்க்கு இழப்பீட்டைக் கணக்கிட வேண்டும். தலைவலியும் உறக்கமின்மையும் கொண்ட அந்த மனிதர் காலையில் தெருக்களில் மனை அளந்து, மாலையில் கழகத்தில் ஆய்வு நிகழ்த்தினார். ஆயிரக்கணக்கான மனைகள் அவர் கையால் அளக்கப்பட்டன. நகர மக்கள் அவருடைய அளவையை நம்பினர்.

தீயின் நினைவாக 202 அடி உயரக் கல்தூண் ஒன்றை ரென்னும் ஹூக்கும் சேர்ந்து அமைத்தனர். 1677ஆம் ஆண்டில் நிறைவுற்ற அத்தூண் இன்றும் நிற்கிறது. அதனுள் 311 படிகள் சுழன்று ஏறுகின்றன. நடுவிலுள்ள வெற்றிடத்தை வானை நோக்கும் தொலைநோக்கியாகவும் பயன்படுத்த ஹூக் திட்டமிட்டார். தூணின் அதிர்வு அதற்கு இடந்தரவில்லை.

அவர் வடிவமைத்த எல்லாமே நிலைத்துவிடவுமில்லை. 1676ஆம் ஆண்டில் விரைந்து கட்டி முடிக்கப்பட்ட பெத்லெம் மனநல மருத்துவமனை, பழைய நகர மதிலோரத்து அகழியைத் தூர்த்த நெகிழ்ந்த நிலத்தின்மேல் எழுந்தது. பார்ப்பதற்கு அரண்மனை போன்ற அக்கட்டடத்தின் சுவர்கள் காலப்போக்கில் அமிழ்ந்து விரிசல் கண்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மருத்துவமனையை வேறிடத்திற்கு மாற்ற நேர்ந்தது. மேலே உள்ள சுவரின் வலிமை கீழே உள்ள மண்ணின் வலிமையைப் பொறுத்தது என்பதற்கு அக்கட்டடமே சான்றாயிற்று.

தொங்கும் சங்கிலி காட்டிய வழி

கட்டடப் பணி ஹூக்கை ஒரு முதன்மையான வினாவுக்கு இட்டுச் சென்றது. வளைவும் குவிமாடமும் எவ்வடிவில் இருந்தால் விழாமல் நிற்கும்? கல்லும் செங்கல்லும் அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்கா. இழுப்பு எங்கே தோன்றினாலும் அங்கே விரிசல் பிறக்கும்.

ஹூக் கண்ட விடை எளியது. இருமுனைகளிலும் பிடித்துத் தொங்கவிட்ட சங்கிலியின் எப்பகுதியிலும் இழுப்பு மட்டுமே உண்டு, அமுக்கம் இல்லை. அதே வடிவத்தைத் தலைகீழாக நிறுத்தினால் எப்பகுதியிலும் அமுக்கம் மட்டுமே இருக்கும், இழுப்பு இராது. எனவே தொங்கும் சங்கிலியின் வடிவமே உறுதியான வளைவின் வடிவம். அவ்வளைகோட்டின் சமன்பாட்டை அவரால் காண இயலவில்லை. 1691ஆம் ஆண்டில் லைப்னிட்சும் ஹைகன்சும் ஜொகான் பெர்னூலியும் அதனைக் கண்டனர். ஆயினும் கட்டடத்துக்குரிய பயனை முதலில் உணர்ந்தவர் ஹூக்கே. தூய பவுல் பேராலயத்தின் குவிமாடத்தை அமைக்கையில் ரென் இக்கருத்தைப் பயன்கொண்டார். வெளிக்குவிமாடத்துக்கும் உட்குவிமாடத்துக்கும் நடுவே, கண்ணுக்குப் புலப்படாமல் நின்று மேல்மாடத்தின் பெருஞ்சுமையைத் தாங்கும் செங்கல் கூம்பு இக்கருத்தை ஒட்டி எழுந்ததேயாகும்.

கடிகாரப் பூசல்

கடலில் செல்லும் கப்பல் தான் கிழக்கு மேற்காக எங்கிருக்கிறது என்பதை அறியத் துல்லியமான கடிகாரம் தேவை. ஊசற்கடிகாரம் கப்பலின் ஆட்டத்தில் நிலைதடுமாறும். ஊசலுக்கு மாற்றாகச் சுருள்வில்லால் கடிகாரத்தை இயக்கலாம் என்று ஹூக் இளமையிலேயே எண்ணினார். பாயில் முதலிய பெரியோர் அவருக்குக் காப்புரிமை பெற்றுத்தர முன்வந்தனர். ஆனால் ஒப்பந்தத்தில் ஒரு கூறு அவரை உறுத்தியது. அவர் கண்டதைப் பின்னர் ஒருவர் மேம்படுத்தினால் பயன் மேம்படுத்தியவருக்கே சேரும் என்பது அதன் கருத்து. ஹூக் ஒப்பந்தத்தைக் கைவிட்டார், கருவியையும் மறைத்துவைத்தார்.

1675ஆம் ஆண்டில் டச்சு நாட்டு அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் சுருள்வில் கடிகாரத்தை வெளியிட்டபோது ஹூக் கொதித்தெழுந்தார். கழகச் செயலாளர் ஓல்டன்பர்க் தம் மறைபொருளை அயல்நாட்டுக்கு எழுதிவிட்டார் என்று குற்றஞ்சாட்டினார். தாமஸ் டாம்பியன் என்னும் கடிகாரத் தொழிலரைக் கொண்டு மன்னருக்கு ஒரு கடிகாரம் செய்து, 1658ஆம் ஆண்டிலேயே தாம் கண்டுபிடித்ததாக அதன்மேல் பொறித்தார். பூசல் வளர்ந்ததேயன்றி அவர் எதிர்பார்த்த பெயர் கிட்டவில்லை. கண்டதை உரிய காலத்தில் வெளியிடாமையே அவருக்கு இழப்பைத் தந்தது.

கம்பியும் எடைத்தட்டும்

இப்பூசலின் சூட்டிலேயே, 1676ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு நூலின் இறுதியில் ஹூக் பதினான்கு எழுத்துகளைப் பொருளற்ற வரிசையாக அச்சிட்டார். ஓர் இலத்தீன் தொடரின் எழுத்துகளை அகர வரிசையில் கலைத்து அடுக்கியதே அது. கண்டுபிடிப்பு தமதென்பதற்குச் சான்று இருக்கவேண்டும். ஆனால் பிறர் அதைக் கவர்ந்துகொள்ளவும் கூடாது என்பதற்காக அக்கால அறிஞர் கையாண்ட வழி இது. ஈராண்டு கழித்து 1678ஆம் ஆண்டில் மீள்விசையைப் பற்றித் தனி நூலொன்றை வெளியிட்டு அப்புதிரை அவிழ்த்தார். நீட்சியின் அளவும் விசையின் அளவும் ஒன்றற்கொன்று இசைந்தே செல்லும் என்னும் கருத்தே அதனுள் மறைந்திருந்தது.

அந்நூல் கூறும் ஆய்வுகளை யாரும் செய்து பார்க்கலாம். இருபது, முப்பது அல்லது நாற்பது அடி நீளக் கம்பியின் மேல்முனையை ஆணியில் கட்டுக. கீழ்முனையில் எடைத்தட்டைத் தொங்கவிடுக. தட்டு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதை அளந்து குறிக்க. பின்னர் எடைகளை ஒவ்வொன்றாக வைத்து, ஒவ்வொரு முறையும் தட்டு எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க. எடை இருமடங்கானால் இறக்கமும் இருமடங்காகும், மும்மடங்கானால் மும்மடங்காகும். சுருள்வில்லிலும் கடிகார வில்லிலும் ஒருமுனை பொருத்தப்பட்ட உலர்ந்த மரச்சட்டத்திலும் இதே ஒழுங்கு தோன்றும். உலோகம், மரம், கல், சுட்ட மண், மயிர், கொம்பு, பட்டு, எலும்பு, நரம்பு, கண்ணாடி ஆகிய அனைத்துக்கும் இது பொருந்தும் என்று அவர் விரித்துரைத்தார்.

கம்பி ஏன் அவ்வளவு நீளமாக இருக்க வேண்டும்? இன்றைய கணக்கு அதை விளக்கும். ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள எஃகுக் கம்பியில் பத்துக் கிலோகிராம் எடையைத் தொங்கவிட்டால், ஒரு மீட்டர் நீளம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் மட்டுமே நீளும். கண்ணால் அதைக் காண்பது அரிது. அதே கம்பி பன்னிரண்டு மீட்டர், அதாவது ஏறத்தாழ நாற்பது அடி இருந்தால் நீட்சி ஆறு மில்லிமீட்டர் ஆகும். எளிய கவராயத்தாலேயே அதை அளந்துவிடலாம். நுண்ணிய அளவுகோல் இல்லாத காலத்தில், கம்பியின் நீளத்தையே கருவியாக்கிக்கொண்ட மதிநுட்பம் இதில் விளங்குகிறது.

கடிகாரத்தின் பொருளும் இவ்விதியில்தான் அடங்கியுள்ளது. வில்லை எவ்வளவு விலக்கினாலும் அதே வீதத்தில் அது திருப்பி இழுக்கும். எனவே அலைவு பெரிதானாலும் சிறிதானாலும் அதற்காகும் நேரம் மாறுவதில்லை. வில்லின் அலைவுகள் சமகால அளவின என்பதை ஹூக் இந்நூலிலேயே நிறுவ முயன்றார்.

நீண்டு, நெகிழ்ந்து, முறிதல்

இவ்விதி எல்லையற்றதன்று. செம்புக் கம்பியில் எடையைக் கூட்டிக்கொண்டே சென்றால் முதலில் நீட்சி எடைக்கு ஒத்தபடி வளரும். எடையை நீக்கினால் கம்பி பழைய நீளத்துக்கு மீளும். மீட்சி எல்லையைக் கடந்தபின் எடையை நீக்கினாலும் கம்பி முழுவதும் மீளாது. ஒரு பகுதி நீட்சி நிலையாகத் தங்கிவிடும். மேலும் எடை ஏறினால் ஓரிடத்தில் கம்பி இடைசிறுத்து, அங்கேயே அறுந்துபோகும். கண்ணாடியும் வார்ப்பிரும்பும் இவ்வாறு முன்னறிவிப்புத் தருவதில்லை. நிலையான நீட்சி ஏதுமின்றியே அவை திடீரென முறிகின்றன. பாலத்துக்கும் தூக்கிக்கும் எஃகை விரும்பித் தேர்வதற்கு இவ்வேறுபாடும் ஒரு காரணம்: அது முறியுமுன் வளைந்து காட்டும்.

ஹூக் வழங்கிய தொடக்கத்தைப் பின்வந்தோர் வளர்த்தனர். 1807ஆம் ஆண்டில் தாமஸ் யங், கம்பியின் நீளத்தையும் பருமனையும் சாராமல் பொருளின் இயல்பை மட்டும் குறிக்கும் குணகம் என்னும் கருத்தை எடுத்துரைத்தார். 1822ஆம் ஆண்டில் பிரெஞ்சுக் கணித அறிஞர் கோஷி, ஓரலகுப் பரப்பில் செயற்படும் விசையைத் தகைவு என்றும் ஓரலகு நீளத்தில் ஏற்படும் மாற்றத்தைத் திரிபு என்றும் நாம் இன்று வழங்கும் கருத்துகளுக்குத் தெளிவான கணித வடிவம் தந்தார். கண்ணாடி ஏன் எதிர்பார்க்கும் வலிமைக்கு மிகக் குறைவான விசையிலேயே உடைகிறது என்னும் வினாவுக்கு, அதன் பரப்பிலுள்ள நுண்விரிசல்களே காரணம் என்று கிரிஃபித் என்பவர் 1920ஆம் ஆண்டளவில் விடை கண்டார்.

நியூட்டனுடன் பகை

ஹூக்கின் வாழ்வில் மிகப் பெரிய மனப்புண் நியூட்டனால் நேர்ந்தது. 1672ஆம் ஆண்டில் நியூட்டனின் ஒளிக் கொள்கையை ஹூக் கடுமையாக மறுத்துரைத்தார். இளைஞரான நியூட்டன் அதை மறக்கவில்லை. 1679ஆம் ஆண்டில் கழகச் செயலாளராக இருந்த ஹூக், கோள்களின் இயக்கம் நேர்கோட்டு ஓட்டமும் கதிரவனை நோக்கிய ஈர்ப்பும் சேர்ந்ததே என்னும் கருத்தை நியூட்டனுக்கு எழுதினார். தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் ஈர்ப்பு குறையும் என்றும் தொடர்ந்து எழுதினார். ஆனால் அதைக் கணிதத்தால் நிறுவ அவரால் இயலவில்லை. 1687ஆம் ஆண்டில் வெளிவந்த பிரின்சிபியா என்னும் நூலில் நியூட்டன் அதை நிறுவினார். தம் பங்கைக் குறிப்பிட வேண்டும் என்று ஹூக் கோரியபோது, சினமுற்ற நியூட்டன் தம் கையெழுத்துப்படியில் அவர் பெயர் வந்த இடங்கள் பலவற்றை நீக்கிவிட்டார்.

கருத்தை முன்வைத்தவர் ஒருவர். அதற்கு அரண் எழுப்பியவர் மற்றொருவர். இருவர்க்கும் அறிவியலில் இடமுண்டு. ஒருவர் தமக்குரியதைவிட மிகுதியாகக் கேட்டார். மற்றவர் கொடுக்கவேண்டிய சிறிதையும் கொடுக்க மறுத்தார்.

இறுதிக் காலம்

பிரின்சிபியா வெளிவந்த 1687ஆம் ஆண்டிலேயே, ஹூக்கின் இல்லத்தைப் பேணிவந்த அண்ணன் மகள் கிரேஸ் இறந்தார். திருமணம் செய்துகொள்ளாத அவருக்கு நெருங்கிய உறவு என இருந்தவர் அப்பெண் ஒருவரே. அதன்பின் அவர் தனிமையிலும் ஐயத்திலும் ஆழ்ந்தார். கால்கள் வீங்கின, கண்ணொளி மங்கியது. 1703ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் நாள் கிரெஷாம் கல்லூரி அறையில் உயிர் நீத்தார். வறியவர்போல் வாழ்ந்த அவரது அறையிலிருந்த இரும்புப் பெட்டியில் எண்ணாயிரம் பவுனுக்கும் மேற்பட்ட செல்வம் இருந்தது. அதைக் கொண்டு கழகத்துக்கு ஆய்வகமும் நூலகமும் அமைக்க அவர் எண்ணியிருந்தார். ஆனால் உயிலில் கையொப்பமிடவில்லை. செல்வம் உறவினரைச் சேர்ந்தது.

அவ்வாண்டு இறுதியில் நியூட்டன் கழகத் தலைவரானார். சில ஆண்டுகளில் கழகம் கிரெஷாம் கல்லூரியை விட்டு வேறிடம் பெயர்ந்தது. ஹூக் செய்த கருவிகள் பலவும் காணாமற்போயின. அவருடையது என உறுதிப்படுத்தப்பட்ட ஓவியம் ஒன்றுகூட இன்று இல்லை. அதை நியூட்டன் அழித்தார் என்று கூறுவோர் உளர். அதற்குச் சான்று ஏதுமில்லை. நூற்றாண்டுகள் வரையில் ஹூக் பூசல்காரர் என்றே நூல்களில் பேசப்பட்டார்.

அவருடைய நாட்குறிப்பு இருபதாம் நூற்றாண்டில் அச்சேறியபோதுதான் அவர் உழைப்பின் பரப்பு வெளிப்பட்டது. 2006ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் பகுதியில் ஒரு வீட்டில், ஐந்நூறு பக்கங்களுக்கு மேற்பட்ட ஹூக்கின் கையெழுத்துக் குறிப்புகள் கிடைத்தன. ஏறத்தாழப் பத்து இலட்சம் பவுன் விலைகொடுத்து இராயல் சொசைட்டி அவற்றைப் பெற்றது. ஊதியத்தைக் காலத்தில் தராத அவை, முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் அவருடைய எழுத்துக்கு அவ்விலையைக் கொடுத்தது.

ஊர்திகளில் திசைமாறிச் சுழலும் தண்டுகளைப் பிணைக்கும் இணைப்பு ஹூக் இணைப்பு என்றே வழங்குகிறது. பள்ளி ஆய்வகத்தில் சுருள்வில்லின் முனையில் எடைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, குறிமுள் இறங்கும் அளவைப் பதிவேட்டில் எழுதும் மாணவர், கிரெஷாம் கல்லூரி அறையில் ஆணியில் கட்டிய கம்பியின் கீழே அவர் செய்த அதே செயலையே செய்கின்றனர்.